கண்கட்டின்னு நினைச்சது கேன்சர்: 10 லட்ச ரூபாய் பாலிசி ஏன் ஒரு ரூபாய்கூட தரலை?

உங்ககிட்ட கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி இருந்தா, மேல படிக்கறதுக்கு முன்னாடி அந்த பிடிஎஃப்-ஐ ஒரு பக்கம் திறந்து வெச்சுக்கங்க. நோய்களோட பட்டியல்ல பெரும்பாலும் முதல்ல இருக்கறது 'கேன்சர் ஆஃப் ஸ்பெசிஃபைடு சிவியரிட்டி'. அதாவது, குறிப்பிட்ட அளவுக்குத் தீவிரமான புற்றுநோய். அதுக்குக் கீழ எதெல்லாம் கவர் ஆகாதுன்னு ஒரு பட்டியல் வரும். அதுல ஒரு வரியோட சாரம் இதுதான்: மெலனோமா இல்லாத தோல் புற்றுநோய் எதுவா இருந்தாலும், நிணநீர்க் கணுவுக்கோ அதையும் தாண்டியோ பரவினதுக்கு ஆதாரம் இருந்தாத்தான் பணம்.

நீங்க எந்தக் கம்பெனியில வாங்கியிருந்தாலும் கிட்டத்தட்ட இதே வரிதான் இருக்கும். ஏன்னா, இந்த விளக்கத்தை எல்லாருக்கும் பொதுவா வகுத்துக் கொடுத்தது ஐஆர்டிஏஐ. ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். நாமளும் கேட்டிருக்க மாட்டோம். தோல் புற்றுநோய் வெள்ளைக்காரங்களுக்கு வர்றது, நமக்கு எதுக்குன்னு ஒரு நினைப்பு.

என் கிளையன்ட் ஒருத்தர் வீட்டுல போன வருஷம் நடந்ததை அவர் அனுமதியோட எழுதறேன். ஊர், பேர் எதுவும் கிடையாது. அவருக்கு 29 வயசு, ஐடி கம்பெனியில வேலை. அம்மாவுக்கு 57. அம்மாவோட வலது மேல் இமையில ஒரு சின்னக் கட்டி. நம்ம வீட்டுல என்ன செய்வோம்? உடம்பு சூடுன்னு சொல்லி நாமக்கட்டியை உரசிப் பூசுவோம், எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்வோம். அவங்களும் அதைத்தான் செஞ்சாங்க. கரையலைன்னதும் பக்கத்துல ஒரு கிளினிக்ல கீறி எடுத்தாங்க. ரெண்டு மாசத்துல அதே இடத்துல திரும்ப வந்தது. திரும்பக் கீறினாங்க. ரெண்டு தடவையும் எடுத்த சதையை யாரும் பரிசோதனைக்கு அனுப்பலை.

மூணாவது தடவை வந்தப்போ, கட்டி இருந்த இடத்துல மட்டும் இமை முடி உதிர்ந்து போயிருந்தது. மகன் தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ எடுத்த போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்துத்தான் அதைக் கவனிச்சார். மறுநாளே சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டார்.

இது என்ன நோய்?

செபேஷியஸ் கார்சினோமா. நம்ம இமையோட ஓரத்துல, முடிக்குப் பின்னாடி, எண்ணெய் சுரக்கற மெய்போமியன் சுரப்பிகள் வரிசையா இருக்கு. மேல் இமையில 30, 40 இருக்கும், கீழ் இமையில அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதுல ஒண்ணு அடைச்சுக்கிட்டா சலேஷியான், நம்ம ஊர் பாஷையில கண்கட்டி. அதே சுரப்பியில புற்றுநோய் வந்தா அது செபேஷியஸ் கார்சினோமா. ரெண்டும் ஒரே வீட்டுல பிறந்தது, அதனாலதான் ஆரம்பத்துல பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மேல் இமையில சுரப்பி அதிகம்கறதால இந்தக் கேன்சரும் அங்கதான் அதிகம் வருது.

உலக அளவுல இது அரிதான நோய். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. மேலை நாடுகள்ல இமையில வர்ற கேன்சர்னா பெரும்பாலும் பேசல் செல் வகைதான், செபேஷியஸ் ரொம்பக் கொஞ்சம். இந்தியா மாதிரி ஆசிய நாடுகள்ல இமைக் கேன்சர்கள்ல இதோட பங்கு நல்லாவே பெருசு. அதனால வெளிநாட்டு வெப்சைட்டைப் படிச்சுட்டு 'ரொம்ப ரேர்'னு நிம்மதியா இருந்துட முடியாது.

அதுக்காக, அடுத்த தடவை கண்கட்டி வந்ததும் பயந்துடாதீங்க. பெரும்பாலான கண்கட்டி வெறும் கண்கட்டிதான். 25 வயசுக்காரர் ராத்திரி முழுக்க லேப்டாப் பார்த்துட்டு கண்ணைக் கசக்கினா வர்றது இந்தக் கதை இல்லை. கவனிக்க வேண்டியது அப்பா அம்மா வயசுல இருக்கறவங்களை: அதே இடத்துல திரும்பத் திரும்ப வர்ற கட்டி, அந்த இடத்துல மட்டும் முடி உதிர்றது, இமை ஓரம் மஞ்சளாத் தடிக்கறது, ஒரே ஒரு கண்ணுல மட்டும் மாசக்கணக்குல ஆறாத சிவப்பு. இதுல ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "எடுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்பறீங்களா?" அந்த டெஸ்டுக்கு ஆகற செலவு, அதைச் செய்யாம விட்டா வர்ற செலவுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

பயாப்ஸியிலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. சர்ஜன்தான் எனக்கு விளக்கினார். இந்தக் கேன்சர் செல்லுக்குள்ள கொழுப்பு இருக்கும். அதைக் காட்டற ஒரு சாயப் பரிசோதனை உண்டு. ஆனா, லேப்ல சதையை வழக்கம்போல மெழுகுல பதிக்கற முறையில அந்தக் கொழுப்பு கரைஞ்சு போயிடும். அதனால 'எனக்கு இந்தச் சந்தேகம் இருக்கு'ன்னு சர்ஜன் முன்கூட்டியே பேத்தாலஜிஸ்ட்கிட்ட சொல்லணும். இப்போ வேற மார்க்கர் டெஸ்ட்களும் இருக்கு. எப்படியிருந்தாலும் இமைக் கட்டிகளைப் பார்த்துப் பழகின லேப்ல ஸ்லைடைக் காட்டறது நல்லது. நம்ம கிளையன்ட் ரெண்டாவது ஒப்பீனியனுக்கு ஸ்லைடை இன்னொரு இடத்துக்கு அனுப்பினார். நல்ல முடிவு. ஆனா அதுல நாள் ஓடிடுச்சு. அந்த நாள் கணக்குக்குப் பின்னால வர்றேன்.

18 மில்லிமீட்டர் கணக்கு

ஆபரேஷன் ஏன் இவ்வளவு பெருசாகுதுன்னு புரிஞ்சுக்க ஒரு சின்னக் கணக்குப் போதும். கட்டி 8 மில்லிமீட்டர். இந்தக் கேன்சர் கண்ணுக்குத் தெரியற எல்லையோட நிக்காது, மேல்தோலுக்குள்ளயே பக்கவாட்டுல பரவும், நடுவுல விட்டுவிட்டும் இருக்கும். அதனால சுத்தியும் 5 மில்லிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுக்கணும். ரெண்டு பக்கமும் சேர்த்தா 18 மில்லிமீட்டர். ஒரு மேல் இமையோட மொத்த நீளமே சுமார் 30 மில்லிமீட்டர்தான். பாதிக்கு மேல போச்சு.

எடுத்த சதையோட ஓரங்களை, பேஷன்ட் டேபிள்ல இருக்கும்போதே உறைய வெச்சு மைக்ரோஸ்கோப்ல பார்க்கறாங்க. இதுக்குப் பேர் ஃப்ரோசன் செக்ஷன். ஓரத்துல கேன்சர் செல் இருந்தா அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டி, திரும்பப் பார்க்கணும். ஃப்ரெடெரிக் மோஸ்ங்கற அமெரிக்க சர்ஜன் 1930-கள்ல ஆரம்பிச்ச மோஸ் சர்ஜரிங்கற முறையும் இதே யோசனைதான், இன்னும் நுணுக்கமா அடுக்கடுக்கா ஓரம் முழுக்கப் பார்ப்பாங்க. நம்ம ஊர்ல அதைச் செய்யற இடங்கள் குறைவு. கண் ஆஸ்பத்திரிகள்ல பெரும்பாலும் ஃப்ரோசன் செக்ஷன்தான். அம்மாவுக்கு ஒரு பக்கம் ரெண்டாவது தடவை வெட்ட வேண்டி வந்தது. பில்லுல 'ஃப்ரோசன் செக்ஷன், 2 முறை'ன்னு வந்ததைப் பார்த்து கிளையன்ட் டபுள் பில்லிங்னு நினைச்சு எனக்கு அனுப்பினார். டபுள் பில்லிங் இல்லை. அந்த ரெண்டாவது தடவைதான் முக்கியமான தடவை.

இப்போ கண்ணுக்கு மேல பாதி இமை இல்லை. இமை இல்லாத கண் காஞ்சு போயிடும், பார்வையே போகலாம். அதனால புது இமை கட்டணும். கட்லர், பியர்டுன்னு ரெண்டு டாக்டர்கள் 1955-ல வெளியிட்ட முறை இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. கீழ் இமையோட விளிம்பை அப்படியே விட்டுட்டு, அதுக்குக் கீழ இருந்து சதையை எடுத்து, விளிம்புக்கு அடியில நுழைச்சு மேல கொண்டுபோய் தைச்சுடுவாங்க. ரத்த ஓட்டம் பிடிக்கற வரைக்கும், அதாவது ஆறுல இருந்து எட்டு வாரம், அந்தக் கண் மூடியேதான் இருக்கும். அப்புறம் ரெண்டாவது ஆபரேஷன்ல அதைப் பிரிச்சு கண்ணைத் திறப்பாங்க.

காதுக்கு முன்னாடி, கழுத்துல இருக்கற நிணநீர்க் கணுக்களுக்கும் ஸ்கேன் எடுத்தாங்க. சுத்தமா இருந்தது. ரொம்ப லேட்டா வந்திருந்தா, நோய் கண்குழிக்குள்ள போயிருந்தா, கண்ணையே எடுக்க வேண்டி வரும். இங்க கண் தப்பிச்சுது.

இப்போ பில்லுக்கு வருவோம்

கம்பெனி குரூப் பாலிசியில அம்மா கவர் ஆகியிருந்தாங்க. 3 லட்சம் சம் இன்ஷூர்டு, ரூம் வாடகைக்கு லிமிட் ஒரு சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். அவர் எடுத்த ரூம் 4,500. "நாளைக்கு 1,500 தானே மேடம் எக்ஸ்ட்ரா, மூணு நாளைக்கு 4,500, அம்மா நிம்மதியா தூங்கட்டும்னு எடுத்தேன்" அப்படின்னார். மகனா நியாயமான முடிவு. ஆனா பாலிசியில ப்ரொப்போர்ஷனேட் டிடக்ஷன்னு ஒரு கண்டிஷன் இருந்தது.

முதல் ஆபரேஷன் பில் 1,84,000. அதுல ரூம் 13,500. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, லேப் 50,500. லிமிட் 3,000, எடுத்தது 4,500, அதாவது மூணுல ரெண்டு பங்கு. அதே விகிதத்துல 1,20,000-க்கும் மூணுல ரெண்டு பங்கு தான், 80,000. ரூமுக்கு 9,000. மருந்து, லேபுக்கு இந்தக் கழிவு போடக் கூடாதுன்னு 2020-லயே ஐஆர்டிஏஐ சொல்லிட்டதால அது முழுசா வந்தது. மொத்தம் கிடைச்சது 1,39,500. கையில இருந்து போனது 44,500. ரூம் வாடகையில 4,500 ரூபாய் வித்தியாசத்துக்கு, பத்து மடங்கு. அட்மிஷன் கவுன்டர்ல ரூம் கேட்டகரி கேக்கறப்போ பதில் சொல்றதுக்கு முன்னாடி பாலிசியோட ரூம் லிமிட்டைப் பாருங்க. அது ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்தது, நான் சொன்ன நாள் கணக்கு. பயாப்ஸிக்காக மட்டும் அட்மிட் ஆனா பொதுவா கவர் ஆகாது. ஆனா அதே நோய்க்கு அப்புறம் ஆபரேஷன் நடந்தா, அட்மிஷனுக்கு முந்தைய செலவா அதை கிளெய்ம் பண்ணலாம். இவர் பாலிசியில அந்த வரம்பு 30 நாள். பயாப்ஸி நடந்தது அட்மிஷனுக்கு 38 நாள் முன்னாடி. 11,000 ரூபாய் வரலை. செகண்ட் ஒப்பீனியனே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், கேன்சர் விஷயத்துல கண்டிப்பா எடுக்கணும். நீங்க சொந்தமா பாலிசி வாங்கும்போது 60 நாள் இருக்கறதா பாருங்க, அவ்வளவுதான்.

கேஷ்லெஸ் அப்ரூவல்ல ஒரு சிக்கல் வந்தது. ஆஸ்பத்திரி அனுப்பின எஸ்டிமேட்ல 'இமை மறுசீரமைப்பு'ன்னு இருந்ததைப் பார்த்துட்டு, இது காஸ்மெட்டிக்கான்னு கேள்வி கேட்டாங்க. நியாயமா இதுக்கு இடமே இல்லை. எல்லா பாலிசியிலயும் இருக்கற ஸ்டாண்டர்டு விலக்குல, எட்டாவது கோடுல, விதி தெளிவா இருக்கு: அழகுக்காகச் செய்யற பிளாஸ்டிக் சர்ஜரிக்குத்தான் கவர் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்கு அப்புறம் செய்யற மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது. சர்ஜன் ஒரு பக்கத்துல லெட்டர் கொடுத்தார். இமை இல்லாட்டி கருவிழி பாழாகும், பயாப்ஸி ரிப்போர்ட் இணைப்புல இருக்கு, அவ்வளவுதான் அதுல. அன்னிக்கு சாயங்காலமே அப்ரூவல் வந்துடுச்சு.

அந்த ஆறு வாரமும் ஒரு ரிசிக்னேஷனும்

இந்த இடத்துலதான் எனக்கு உண்மையிலேயே பதட்டம் ஆச்சு. கிளையன்ட் ஏற்கெனவே வேற கம்பெனியில ஆஃபர் வாங்கி, நோட்டீஸ் பீரியட்ல இருந்தார். கடைசி வேலை நாள், முதல் ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது வாரம். ரெண்டாவது ஆபரேஷன் ஏழாவது வாரம். குரூப் பாலிசி கடைசி வேலை நாளோட முடியுது. புதுக் கம்பெனி பாலிசியில பெற்றோருக்கு இடம் இல்லை. அதாவது, ஒரு கண்ணு தைச்சு மூடின நிலையில அம்மா, அதைத் திறக்கற நாள்ல இன்சூரன்ஸ் இல்லை.

அவர் யோசிக்கவே இல்லை, "கடன் வாங்கிப் பார்த்துக்கறேன் மேடம்"னார். கடனுக்கு முன்னாடி ஒரு மெயில் போடுங்கன்னு சொன்னேன். ரெண்டு எச்ஆருக்கும் விஷயத்தை மறைக்காம எழுதினார். பழைய கம்பெனி மூணு வாரம் நீட்டிச்சாங்க, புதுக் கம்பெனி ஜாயினிங் தேதியைத் தள்ளி வெச்சாங்க. ரெண்டாவது ஆபரேஷன் டே கேர்ல முடிஞ்சுது, 62,000 ரூபாய், முழுசா அப்ரூவ் ஆச்சு. ரூமே எடுக்காததால கழிவுக்கும் வேலை இல்லை. வீட்டுல யாருக்காவது கட்டம் கட்டமா சிகிச்சை நடக்கும்போது, ரிசிக்னேஷன் லெட்டர்ல தேதி எழுதறதுக்கு முன்னாடி டாக்டரோட தேதியை வாங்கிக்கங்க. பெரும்பாலான மேனேஜர்கள் மனுஷங்கதான்.

10 லட்சம்

அம்மா பேர்ல 10 லட்சத்துக்கு கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி இருந்தது. வெயிட்டிங் பீரியட் தாண்டியாச்சு, ப்ரீமியம் ஒழுங்கா கட்டியாச்சு. கேன்சர்னு பயாப்ஸி சொல்லுது. கிளெய்ம் ரிஜெக்ட்.

காரணம், நான் முதல்ல சொன்ன அந்த வரி. சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியல்ல இமைத் தோலோட கேன்சருக்கு எண் சி44.1. சி44-ங்கறது மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்களோட குடும்பம். டிஸ்சார்ஜ் சம்மரியில அந்த எண் தான் இருந்தது. பரவியிருந்தா பணம், பரவலைன்னா இல்லை. நிணநீர்க் கணு சுத்தமா இருக்குன்னு நாங்க எல்லாரும் சந்தோஷப்பட்ட அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையே ரிஜெக்ஷன் லெட்டர்ல காரணமாக் காட்டியிருந்தாங்க.

என் கருத்து கேட்டா, அந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கு. தோல் கேன்சர்ல ரொம்பப் பொதுவான பேசல் செல் வகை பரவறது அபூர்வம், சின்ன ஆபரேஷன்ல முடிஞ்சுடும். அதுக்கெல்லாம் 10 லட்சம் கொடுத்தா எல்லாரோட ப்ரீமியமும் ஏறும். ஆனா அதுக்குன்னு விரிச்ச வலையில செபேஷியஸ் கார்சினோமா மாதிரி முரட்டு நோயும் மாட்டிக்குது. இது சரியில்லைன்னு நினைக்கறேன். இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன்கிட்ட போகலாமான்னு கேட்டார். போறதுக்குச் செலவு இல்லை, சென்னையிலயே ஆபீஸ் இருக்கு, ரிஜெக்ட் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள போகணும். ஆனா பாலிசி வாசகம் இவ்வளவு நேரடியா இருக்கும்போது ஜெயிக்கற வாய்ப்பு குறைவுன்னு சொல்லிட்டேன். அவர் போகலை.

கேன்சருக்குன்னே தனி பாலிசி விக்கறாங்களே, அதை வாங்கலாமான்னு கேப்பீங்க. வாங்கலாம், ஆனா அதுலயும் தோல் புற்றுநோய் விலக்கு இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க. ஆபரேஷன் செலவைக் கொடுத்தது எது? சாதாரண ஹெல்த் இன்சூரன்ஸ். அதுக்கு சி44-ஆ, சி50-ஆங்கற கவலை இல்லை. அம்மா அப்பாவுக்கு ஒரே ஒரு பாலிசிக்குத்தான் பணம் இருக்குன்னா, முதல்ல ஹெல்த் இன்சூரன்ஸ், அப்புறம்தான் கிரிட்டிக்கல் இல்னஸ்.

வரியில ஏதாவது கிடைக்குமா?

"80டிடிபி இருக்கே மேடம்" அப்படின்னார். கூகுள் பண்ணிட்டுத்தான் வந்திருக்கார். சார்ந்திருக்கற பெற்றோரோட கேன்சர் செலவுக்கு 40,000 வரைக்கும், அவங்களுக்கு 60 வயசு ஆகியிருந்தா 1 லட்சம் வரைக்கும் கழிவு. உண்மைதான். ஆனா பழைய ரெஜிம்ல மட்டும். அவர் புது ரெஜிம். பழையதுக்கு மாறினாலும் பிரயோஜனம் இல்லை, ஏன்னா அந்தக் கழிவுல இருந்து இன்சூரன்ஸ்ல வந்த தொகையைக் கழிக்கணும். 40,000-ல இருந்து 1,39,500-ஐக் கழிச்சா என்ன வரும்? பலபேர் 'கைக்காசு போட்ட 44,500-க்கு கிடைக்கும்'னு நினைக்கறாங்க. சட்டம் அப்படி எழுதப்படலை.

இன்சூரன்ஸே இல்லாம முழுக்கக் கைக்காசு போட்டவங்களுக்கு இது உதவும். அவங்க ஒண்ணு கவனிக்கணும்: ப்ரிஸ்கிரிப்ஷன் யார் கொடுக்கணும்னு விதி 11டிடி சொல்லுது. கேன்சருக்கு, ஆன்காலஜியில டிஎம் அல்லது அதுக்குச் சமமான பட்டம் வாங்கினவர். கண் சர்ஜன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அவர் லெட்டர் இங்க போதாம போகலாம். கணுக்களைப் பார்க்க ஆன்காலஜிஸ்ட்கிட்ட போவீங்க இல்லையா, அப்பவே வாங்கிடுங்க. 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் வேற. 80சி, 80டின்னு சொல்லிப் பழகின நம்ம வாய்தான் மாற நாளாகும்.

இன்னும் பாக்கி இருக்கற வேலை

அம்மாவுக்கு இப்போ கண் திறந்தாச்சு. புது இமையில முடி இல்லை, கொஞ்சம் தடிமனா இருக்கு, ஆனா முழுசா மூடித் திறக்குது. சில மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வரணும், வருஷக்கணக்குல.

குடும்பத்துல யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததான்னு டாக்டர் கேட்டார். முயர்-டோர் சிண்ட்ரோம்னு ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கு, செபேஷியஸ் கட்டிகளும் குடல் கேன்சரும் சேர்ந்து வரலாம். இமையில வர்றதுக்கு இந்தத் தொடர்பு குறைவுதான், இவங்க வீட்டுல அப்படி யாரும் இல்லை. ஆனா மகன் இனிமே தனக்கு டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, குடும்ப நோய் வரலாறு கேட்டா இதை எழுதியே ஆகணும். ப்ரீமியம் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை, மறைச்சா பின்னாடி கிளெய்ம்ல வந்து நிக்கும்.

பெரிய வேலை அம்மாவோட அடுத்த கவர். கேன்சர் வந்தவங்களுக்குப் புதுசா பாலிசி கிடைக்கறது கஷ்டம். ஆனா குரூப் பாலிசியில இருந்தவங்க, அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மைக்ரேட் ஆகக் கேட்கலாம். அண்டர்ரைட்டிங் உண்டு, ஆனா இத்தனை வருஷம் கவர்ல இருந்த காலத்தை வெயிட்டிங் பீரியட்ல கழிச்சுக் கொடுப்பாங்க. பழைய வேலையை விடறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டு மெயில் போட வெச்சேன். பயாப்ஸி ரிப்போர்ட், ரெண்டு டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் கிளினிக்ல கீறின ரெண்டு சீட்டு, எல்லாம் இணைச்சாச்சு. அந்தச் சீட்டை அம்மா தேதிக் காலண்டருக்குப் பின்னாடி சொருகி வெச்சிருந்தாங்க, அதனால தப்பிச்சோம்.

அப்ளிகேஷன் கம்பெனிகிட்ட இருக்கு. என்ன ப்ரீமியம், என்ன கண்டிஷன் போடறாங்கன்னு பதில் வந்ததும் அவர் சம்மதத்தோட சேனல்ல ஒரு வீடியோ போடறேன்.